தாத்தாவின் ரிவால்வர்

ராமேஸ்வரத்து நண்பருக்குப் பரணில் தாத்தாவின் ரிவால்வர் கிடைத்திருக்கிறது. குதிரையை இழுத்தால் சிலிண்டர் சுற்ற மாட்டேன் என்கிறதாம். 'தேங்காய் எண்ணெய் விடலாமா சார்?' என்கிறார்.

குதிரையை இழுக்கும்போது ஒரு குட்டிக் கொக்கி சிலிண்டரின் பின்பக்கப் பல்லைத் தள்ளும். ஆறு அறை என்றால் 60 டிகிரி திரும்பும். பூட்டு ஒன்று 'டக்'கென்று விழுந்து நிறுத்தும். கொக்கி தேய்ந்தாலோ, ஸ்ப்ரிங் ஒடிந்தாலோ, உங்கள் ஊர் உப்புக் காற்றில் துருப்பிடித்தாலோ சண்டித்தனம்தான்.

சரிசெய்துவிடலாமே? அங்கேதான் வில்லங்கம். ரிப்பேர் செய்தாலும் சுடவே சுடாது என்கிற பழந்துப்பாக்கிக்குத்தான் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவில் விலக்கு. சுடும் என்றால், வைத்திருக்க ஒரு லைசென்ஸ். பழுது பார்ப்பவருக்குத் தனி லைசென்ஸ்.

தவிர, தாத்தா உள்ளே ஒரு குண்டு மிச்சம் வைத்திருக்கலாம். தொடாமல், போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லுங்கள். தயவுசெய்து, கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்!