மாமன் மகளைக் கட்டுவது முறையா?

பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்துள்ள தொழிலாளர்களைப் பற்றித் தென்னூர் டீக்கடைகளில் நடக்கும் பேச்சு நமக்குக் கவலை தருகிறது. "அவனுக்கு முறை தெரியாது, கடுகெண்ணெயில் பொரிக்கிறான், பான் போட்டு மூலைக்கு மூலை துப்புகிறான்" என்று நம் தோழர்களே பேசுகிறார்கள். துப்புவது கண்டிக்க வேண்டியதுதான். நம் ஊர் வெற்றிலைக்காரர்களையும் சேர்த்தே கண்டிப்போம். ஆனால் முறை தெரியாதவன் என்கிறோமே, எந்த முறை?

கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். நமக்கு மாமன் மகள் முறைப்பெண். அக்காள் மகளைக் கட்டுகிறவர்களும் நம்மில் உண்டு. இதைப் பீகார்த் தொழிலாளியிடம் சொல்லிப் பாருங்கள், காதைப் பொத்திக்கொள்வான்! அவனுக்கு மாமன் மகள் தங்கை. வடக்கே பல இடங்களில் சொந்தக் கிராமத்துக்குள் பெண் எடுப்பதே இல்லை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சகோதரிகள். இஸ்லாமிய முறையிலோ சித்தப்பா மகளை மணக்கவும் தடையில்லை. அது நமக்குக் கூசுகிறது. நம்முடையது பீகார்க்காரனுக்குக் கூசுகிறது. 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் இந்தச் சங்கடம் வந்தது. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் மணக்கலாகாது என்று எழுதினார்கள். இரு தரப்பாரின் வழக்கமும் இடங்கொடுத்தால் மணக்கலாம் என்றும் சேர்த்தார்கள். அந்த வாசகம் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் பாதிக் கல்யாணம் செல்லாமல் போயிருக்கும்!

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி இருக்கிறது. அங்கே ரொட்டி நைவேத்தியம். பெருமாளுக்குக் கைலி சாற்றும் வழக்கமும் உண்டு. ஆசாரத்துக்குப் பேர்போன ஸ்ரீரங்கத்திலேயே ரொட்டி ஏறிவிட்டது. தென்னூரில் ரொட்டி தின்பவனைக் கண்டால் நமக்கு ஏன் முகம் சுளிக்கிறது?

அப்படியானால் எல்லா வழக்கமும் சரிதானா என்று கேட்கலாம். இல்லை, தோழர்களே! கீழத்தஞ்சையில் பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும், சாணிப்பால் குடிக்க வைப்பதும் வழக்கமாகத்தான் இருந்தன. 1943-ல் அங்கே போன தோழர் பி. சீனிவாசராவுக்குத் தாய்மொழி கன்னடம். பிறப்பால் பிராமணர். சேரி மக்களின் சாப்பாடும் பேச்சும் அவர் பிறந்த வீட்டில் அறியாதவை. அவற்றை அவர் ஏற்றுக்கொண்டார், அவர்களோடு உண்டு உறங்கினார். சவுக்கை மட்டும் ஏற்கவில்லை. 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. ஒரு வழக்கம் யார் முதுகில் விழுகிறது என்று அவர் பார்த்தார்.

அந்தக் கண்ணால் நம் வீட்டையும் பார்ப்போம். மாமனுக்கு வாக்கப்பட அக்காள் மகளுக்குச் சம்மதமா என்று எத்தனை வீட்டில் கேட்டார்கள்? ஒருத்தி சரி என்பாள், அவள் தங்கையே மாட்டேன் என்பாள். மாட்டேன் என்றவளைப் பிடித்துக் கட்டிவைத்தால் அதற்கு முறை என்று பெயரா? நெருங்கிய இரத்த உறவில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று டாக்டர்களும் எச்சரிக்கிறார்கள். பீகார்க்காரன் முகஞ்சுளித்ததில் நாம் யோசிக்கவும் விஷயம் இருக்கிறது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பயந்துபோன பலர் ரயிலேறினார்கள். நாம் அவனைப் பற்றிக் கேட்பதும் வதந்தி, அவன் நம்மைப் பற்றிக் கேட்பதும் வதந்தி. இதில் லாபம் காண்ட்ராக்டருக்கு! 'அவன் குறைந்த கூலிக்கு வருகிறான்' என்று நம்மிடம் சொல்லி நம் கூலியை அமுக்குகிறான். 'இந்த ஊர்க்காரன் உன்னை அடிப்பான்' என்று அவனிடம் சொல்லி அவன் வாயை அடைக்கிறான். ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரனுக்குத் தரும் கூலியையே வெளிமாநிலத்தானுக்கும் தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். அது காகிதத்தில் தூங்கியது.

டெல்டாவில் நடவுக்கே வங்காளத் தொழிலாளர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இனி ஆலையிலும் வயலிலும் பக்கத்தில் நிற்பவன் அவன்தான். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு; கூட வேலை செய்பவனிடம் "கித்னா மில்தா ஹை?" என்று கேட்பது வேறு. எவ்வளவு கிடைக்கிறது என்று அர்த்தம். அடுத்த சம்பள நாளில் கேளுங்கள், உங்கள் கூலியையும் அவனிடம் சொல்லுங்கள். இரண்டு தொகையையும் சங்கத்தில் வந்து எழுதிக் கொடுங்கள்.