அந்த ஆறு இலக்கத்தை விற்கிற ஆக்கள்

சீனாவில் வங்கிக் கணக்குக்குள் நுழையவும் ஒரு செயலியில் பதியவும் பொதி வந்துவிட்டதை அறியவும் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அனுப்பும் இலக்கம் பெரும்பாலும் 106 என்று தொடங்கும். பல நேரங்களில் அதை வங்கியோ கடையோ நேரடியாக அனுப்புவதில்லை. சைனா மொபைல், சைனா யுனிகொம், சைனா ரெலிகொம் என்ற மூன்று அரச நிறுவனங்களிடமிருந்து மெசேஜை மொத்தமாக வாங்கி, மற்றக் கொம்பனிகளுக்கு விற்கிற இடைத்தரகர்கள் இருக்கிறார்கள்.

"சீனாவில நூறு கோடிக்கு மேல போன் இருக்கு. அதில காசு போட்டா நட்டம் வருமே?" என்று கேட்கிறவர்களுக்கு எங்கட பதில்: வரும்.

வாங்குகிற விலை அந்த மூன்று பேரின் கையில். விற்கிற இடத்தில் போட்டிக்காரன் கொடுப்பதும் அதே ஆறு இலக்கம்தான். யாரூடாக வந்தது என்று வாடிக்கையாளருக்கு அக்கறையில்லை. விலையைக் கூட்டினால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஆனால் பங்குச்சந்தைக்கு ஒவ்வொரு காலாண்டும் வளர்ச்சி காட்ட வேண்டும். அப்ப என்ன செய்வது? கூட மெசேஜ் அனுப்பலாம், அல்லது கணக்கில் கூட எழுதலாம். இரண்டும் நடந்திருக்கின்றன.

முதலாவது, நஸ்டாக்கில் பட்டியலான ஃபோகஸ் மீடியா. லிஃப்டுக்குப் பக்கத்தில் விளம்பரத் திரை வைக்கிற கொம்பனியாகத்தான் அது பெயரெடுத்தது. 2006இல் மொபைல் விளம்பரத்துக்குள்ளும் இறங்கியது. 2008 மார்ச் 15, நுகர்வோர் உரிமை நாளன்று, சீன அரச தொலைக்காட்சி அதன் மொபைல் பிரிவைப் போட்டுடைத்தது: கோடிக்கணக்கான ஆக்களின் இலக்கங்களைச் சேர்த்து வைத்து, அவர்கள் கேட்காத விளம்பரங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சந்தை அடுத்துத் திறந்த நாளில் பங்கு விலை நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. முதலீட்டாளரின் நட்டம் செய்தியானது. இலக்கம் விலைப்பட்ட மனுசருக்கு ஒரு சதம் கிடைத்ததாக நாங்கள் எங்கும் வாசிக்கவில்லை. பெறுபவர் சம்மதிக்காமல் வணிக மெசேஜ் அனுப்பக்கூடாது என்ற அரச விதி 2015இல் வந்தது.

இரண்டாவது, பெய்ஜிங்கின் க்ளூப்பன். 2021 பெப்ரவரியில் பங்கொன்று 16 டொலருக்கு நியூயோர்க் சந்தைக்கு வந்து, முதல் நாளே மூன்று மடங்காகியது. திரட்டிய காசு 32 கோடி டொலர். மெசேஜில் இலாபம் மெலிசு என்பதால்தானோ என்னவோ, கோல் சென்டர் மென்பொருளும் விற்றது. பொய் நுழைந்தது சேவை ஒப்பந்தங்களுக்குள். முடிக்காத வேலைக்கும், சிலவற்றில் தொடங்கவே தொடங்காத வேலைக்கும் வருமானம் எழுதினார்கள். அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு 2024 பெப்ரவரியில் சொன்னதன்படி, இரண்டு மூத்த முகாமையாளர்கள் தங்களுக்குக் கீழே வேலை செய்தவர்களைக் கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். பங்குச்சந்தைக்கு வந்தபின் அவர்களுக்குக் கடுமையான காலாண்டு விற்பனை இலக்கு இருந்ததாம். கொம்பனி தானாகவே போய் ஒப்புக்கொண்டதால் அபராதம் விதிக்கப்படவில்லை. ஆனால் நியூயோர்க் சந்தையிலிருந்து பெயர் எடுபட்டது.

அந்த "இலக்கு" என்ற சொல்லில்தான் நாங்கள் நிற்கிறோம். இரண்டு கெட்ட முகாமையாளர்கள் என்று சொல்லிக் கதையை முடிப்பது லேசு. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினவர், அந்த விலைக்கேற்ற வளர்ச்சியையும் சேர்த்துத்தானே கேட்டார்? இலக்கை மேலிடம் போட்டது, ஆனால் அது யாருடைய எதிர்பார்ப்புக்காகப் போடப்பட்டது?

இன்னொரு சங்கதி. நியூயோர்க்கில் வாங்குகிறவர் பெய்ஜிங் கொம்பனியை வாங்குவதில்லை. சீனா இந்தத் தொலைத்தொடர்புத் துறையில் வெளிநாட்டு உரிமையைக் கட்டுப்படுத்துவதால், கேமன் தீவுகளில் ஒரு கொம்பனியைப் பதிந்து, உண்மையான உரிமம் வைத்திருக்கும் சீனக் கொம்பனியோடு ஒப்பந்தங்களால் முடிச்சுப் போடுகிறார்கள். கையில் இருப்பது அந்த முடிச்சின் ஒரு நுனி.

"வங்கிக் குறியீட்டை ஆரோ ஒருத்தர் அனுப்பத்தானே வேணும்?" என்று கேட்பீர்கள். வேணும்தான். தண்ணி பவுசர் ஓட்டுவது மாதிரித் தேவையான, மரியாதையான தொழில் அது. பவுசர்காரர் ஒரே நாளில் மூன்று மடங்கு பெறுமதியானால், நாங்கள் முதலில் எட்டிப் பார்ப்பது தாங்கிக்குள் எவ்வளவு தண்ணி இருக்கு என்றுதான்.