பதின்மூன்றாவது இடத்தின் விலை

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் புதுமுக வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி ஜூன் 25 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொடங்கியது. முதல் சுற்றில் 30 வீரர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அன்றிரவே ஒவ்வோர் அணிக்கும் மதிப்பெண் வழங்கும் பணியும் தொடங்கிவிட்டது. பெரும்பாலான பட்டியல்களில் அட்லாண்டாவுக்கு உயர்ந்த இடம். நியூ ஆர்லியன்ஸுக்குக் கடைசி வரிசை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட அப்போது என்பிஏ ஆட்டம் ஒன்றில் களமிறங்கியிருக்கவில்லை.

இந்த அவசரத் தீர்ப்புகளைக் கேலி செய்வது எளிது. ஆனால், அவற்றுள் ஒரு பகுதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். எந்தப் பகுதி என்பதுதான் கேள்வி.

நம் வாசகர்களுக்குப் பழக்கமான ஐபிஎல் ஏலத்தில் பணமே பேசுகிறது. என்பிஏவில் அப்படியல்ல. முந்தைய பருவத்தில் தோற்றுத் தளர்ந்த அணிகளுக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 1985 முதல் குலுக்கல் முறை உண்டு. 2019 முதல், மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம் மட்டுமே. கடந்த பருவத்தில் 17 ஆட்டங்களில் மட்டுமே வென்ற யூட்டா, இம்முறை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. வெறும் 1.8 சதவீத வாய்ப்புடன் குலுக்கலுக்கு வந்த டாலஸ் முதலிடத்தைப் பெற்று, டியூக் பல்கலைக்கழகத்தின் 18 வயது கூப்பர் ஃபிளாக்கைத் தேர்ந்தெடுத்தது.

டாலஸுக்கு உயர்ந்த மதிப்பெண் அளித்தவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. முதலிடத்தில் இருந்த எந்த அணியும் ஃபிளாக்கைத்தான் எடுத்திருக்கும். அது முடிவே அல்ல, பரிசுச் சீட்டு. டாலஸ் நிர்வாகம் உண்மையில் எடுத்த முடிவு பிப்ரவரி மாதத்தில் நிகழ்ந்தது. முந்தைய ஆண்டு தன்னை இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்ற லூக்கா டான்சிச்சை, அதுவும் 25 வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-இன் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமை ஆகியவற்றைப் பெற்றது. குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டம் அந்த முடிவைச் சரியாக்கிவிடாது.

இந்த மதிப்பெண் பழக்கத்துக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் உறவு உண்டு. ‘என்பிஏ 2கே’ போன்ற விளையாட்டுகளில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் எண் உண்டு. அவர் எந்த அளவுக்கு வளர முடியும் என்பதும் எண்ணாகவே உள்ளே எழுதப்பட்டிருக்கும். ரசிகர்கள் தாங்களே அணி நிர்வாகிகளாகி வீரர்களைத் தேர்ந்தெடுத்து, பத்துப் பருவங்களை ஒரே மாலையில் ஓட்டிப் பார்த்துவிடலாம். அந்த விளையாட்டைத் திரையில் ஆடுவோருக்கென்றே 2018-இல் 17 அணிகளுடன் ஒரு லீக் தொடங்கப்பட்டு, 102 பேர் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டதும் உண்டு. கற்பனை லீக்கில் தீர்ப்பு எளிது. சந்தேகம் வந்தால் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். நிஜ லீக் ஒரே முறைதான் ஓடுகிறது. அதில் வீரரின் நெற்றியில் எந்த எண்ணும் ஒட்டப்பட்டிருப்பதில்லை.

அப்படியானால் முதல் நாளிலேயே எதைத்தான் மதிப்பிடுவது? வீரரை அல்ல, அவருக்காகக் கொடுக்கப்பட்ட விலையை. அது அன்றே முழுமையாகத் தெரிந்துவிடுகிறது.

நியூ ஆர்லியன்ஸின் கதை இதற்குத் தக்க சான்று. ஏழாவது இடத்தில் ஜெரமையா ஃபியர்ஸைத் தேர்ந்தெடுத்த அந்த அணி, பதின்மூன்றாவது இடத்தையும் அட்லாண்டாவிடமிருந்து வாங்கி, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டெரிக் குவீனை எடுத்தது. குவீன் திறமையற்றவர் அல்லர். உயரமான வீரர்களில் அரிதாகக் காணப்படும் பந்துக் கட்டுப்பாடும் பந்தைப் பகிரும் பார்வையும் அவருக்கு உண்டு. கல்லூரிப் போட்டித் தொடரில் கொலராடோ ஸ்டேட் அணிக்கு எதிராகக் கடைசி நொடியில் பந்தை வளையத்துக்குள் செலுத்தி வெற்றி தேடித் தந்தவர். வேகமும் தாவும் ஆற்றலும் போதாது என்பதுதான் ஐயம்.

அவருக்காகக் கொடுத்தது என்ன? 23-ஆவது இடமும், 2026-இன் முதல் சுற்றுத் தேர்வுரிமையும். அந்த உரிமைக்கு எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ், மில்வாக்கி ஆகிய இரு அணிகளின் இடங்களில் எது மேலானதோ அது அட்லாண்டாவுக்குப் போகும். நியூ ஆர்லியன்ஸ் கடந்த பருவத்தில் வென்றது 21 ஆட்டங்கள்; தோற்றது 61. அதன் முதன்மை வீரர் சயான் வில்லியம்சன் அப்பருவத்தில் ஆடியது 30 ஆட்டங்கள் மட்டுமே. டிஜோன்டே மரே ஜனவரியில் குதிகால் தசைநாண் அறுந்து விழுந்தவர். மில்வாக்கியின் டேமியன் லில்லார்டுக்கும் ஏப்ரலில் அதே காயம். ஏ.ஜே. டிபான்சா, டேரின் பீட்டர்சன், கேமரன் பூசர் என 2026-இல் வரவிருந்த இளைஞர்கள்மீது லீக் முழுவதுமே கண் வைத்திருந்தது. இத்தனையும் தெரிந்திருந்தும், பத்து இடங்கள் முன்னேறுவதற்காக அந்த உரிமையை நிபந்தனையின்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அந்த 23-ஆவது இடமே இந்தியானாவிடமிருந்து சில நாள்களுக்கு முன்பு வாங்கியது. அதற்காக, தன் கையிலிருந்த இந்தியானாவின் 2026 தேர்வுரிமையை அந்த அணியிடமே திருப்பிக் கொடுத்தது நியூ ஆர்லியன்ஸ். ஜூன் 22 அன்று இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. கைவிட்ட உரிமையின் மதிப்பு ஒரே இரவில் உயர்ந்தது. இதற்கு நிர்வாகத்தைக் குறைகூற மாட்டேன். காயத்தை யார் அறிவார்? ஆனால், அட்லாண்டாவுடன் செய்த பேரத்தில் மறைந்திருந்த செய்தி எதுவுமில்லை. குவீன் நாளை நட்சத்திரமாகவே ஆனாலும் இது மோசமான பேரம் என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். அதே வீரரைக் குறைந்த விலைக்குப் பெற முயன்றிருக்கலாம். குறைந்தபட்சம், அந்த உரிமை முதல் சில இடங்களுக்குள் வந்தால் கைமாறாது என்று ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

நியூ ஆர்லியன்ஸின் கூடைப்பந்து நிர்வாகத்தை ஏப்ரலில் ஏற்றவர் ஜோ டூமார்ஸ். 2003-இல் டெட்ராய்ட்டின் நிர்வாகியாக இருந்து, இரண்டாவது இடத்தில் டார்கோ மிலிசிச்சைத் தேர்ந்தெடுத்தவர் இவரே. கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவெய்ன் வேட் ஆகியோர் அடுத்தடுத்த இடங்களில் போனார்கள். இருபது ஆண்டுகளாக அந்தத் தேர்வைச் சொல்லியே அவரைச் சீண்டுகிறார்கள். மறுஆண்டே டெட்ராய்ட் சாம்பியன் ஆனதை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை.

எனக்கு அந்தக் கதையில் சுவையான பகுதி மிலிசிச் அல்ல. வெற்றிகளைக் குவித்துவந்த டெட்ராய்ட்டுக்கு இரண்டாவது இடம் எப்படிக் கிடைத்தது? 1997-இல், அப்போது வான்கூவரில் இருந்த கிரிஸ்லீஸ் அணி, ஓடிஸ் தார்ப் என்ற மூத்த வீரருக்காக எதிர்கால முதல் சுற்று உரிமை ஒன்றை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்திருந்த அதே அணிக்குக் குலுக்கலில் இரண்டாவது இடம் விழுந்தது. முதலிடம் வந்தால் மட்டுமே அந்த உரிமை அவர்களிடம் தங்கும் என்பது நிபந்தனை. முதலிடமும் லெப்ரான் ஜேம்ஸும் கிளீவ்லாண்டுக்குப் போக, இரண்டாவது இடம் டூமார்ஸின் கைக்கு வந்து சேர்ந்தது. தொலைதூர உரிமையை அலட்சியமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை, பெற்றுக்கொள்ளும் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர் அவர்.

பின்னாளைய விளைவை வைத்துப் பழைய தேர்வைத் தண்டிப்பது பெரும்பாலும் அநீதி. 1984-இல் மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்த போர்ட்லாண்ட் இன்றுவரை நகைக்கப்படுகிறது. முதலிடத்தில் ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்த ஹூஸ்டனும் ஜோர்டனை விட்டுவிட்ட அணிதான். அதை யாரும் கேட்பதில்லை. ஜோர்டனின் இடத்தில் ஆட கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே போர்ட்லாண்டில் இருந்தார். ஆனால், கால் எலும்பு விரிசலால் போவி கல்லூரியில் இரண்டு பருவங்களை இழந்திருந்தார் என்பது அன்றே தெரிந்த செய்தி. போர்ட்லாண்டைக் குறைகூறுவதென்றால் அதற்காகக் கூறலாம்.

அதே போர்ட்லாண்ட் இவ்வாண்டு 16-ஆவது இடத்தில் சீனாவின் யாங் ஹான்சென்னை எடுத்தது பலரை வியப்பில் ஆழ்த்தியது. இரண்டாம் சுற்றுக்குரியவர், சீனச் சந்தைக்காக எடுத்தார்கள் என்று பேச்சு. 2015-இல் டாலஸ் 52-ஆவது இடத்தில் பஞ்சாபின் சத்னாம் சிங்கை எடுத்தபோது நம் நாட்டைக் குறித்தும் இப்படிப் பேசியவர்கள் உண்டு. அவர் என்பிஏ லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஆடும் வாய்ப்பைப் பெறவில்லை. மறுபுறம், 2014-இல் 41-ஆவதாக எடுக்கப்பட்ட நிகோலா யோகிச் மூன்று முறை ஆண்டின் சிறந்த வீரரானார். யாங் விஷயத்தில் என் கணக்கு எளியது: பதினொன்றாவது இடத்திலிருந்து பதினாறாவது இடத்துக்கு இறங்கி வந்தே போர்ட்லாண்ட் அவரை எடுத்தது, அதற்காக மெம்ஃபிஸிடமிருந்து 2028-இன் ஒரு முதல் சுற்று உரிமையையும் பெற்றது. அவர் தோற்றாலும் இழப்பு சிறிது.

விலையைப் பொறுமையாகச் சேர்த்துவைத்த அணி எது என்று கேட்டால், ஜூன் 22 அன்று கோப்பையை உயர்த்திய ஒக்லஹோமா சிட்டியைக் காட்டலாம். 2019-இல் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தபோது, கோப்பையை நெருங்கிவிட்டதாகப் புகழப்பட்டது கிளிப்பர்ஸ்தான். ஒக்லஹோமாவுக்குக் கிடைத்தவை ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற 20 வயது இளைஞரும், ஐந்து முதல் சுற்று உரிமைகளும், இடம் மாற்றிக்கொள்ளும் இரு உரிமைகளும். அந்த உரிமைகளில் ஒன்றே 2022-இல் 12-ஆவது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸாக மாறியது. கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2025-இல் ஆண்டின் சிறந்த வீரரானார். வில்லியம்ஸ் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்தார்.

அட்லாண்டா 23-ஆவது இடத்தில் ஏசா நியூவெல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அவர் எப்படி ஆடுவார் என்பதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. 2018-இல் டான்சிச்சை டாலஸுக்குக் கொடுத்து டிரே யங்கை எடுத்த இந்த அணிக்கு, 2026 மே மாதக் குலுக்கல் வரையில் ஒவ்வோர் இரவும் இரண்டு வேலைகள் இருந்தன: தான் வெல்வது; நியூ ஆர்லியன்ஸும் மில்வாக்கியும் தோற்றனவா என்று பார்ப்பது.