கரியமில வாயுவைப் புதைக்கலாம். பொறுப்பைச் சுமப்பது யார்?

புது தில்லி: அனல் மின் நிலையங்களும் உருக்காலைகளும் வெளியேற்றும் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்துக்கடியில் சேமிக்கும் யோசனை, ஆய்வரங்குகளைக் கடந்து அரசின் வரவு-செலவுக் கணக்கிலும் இடம்பெற்றுவிட்டது. இவ்வாயுவைப் பிடித்தல், பயன்படுத்துதல், சேமித்தல் ஆகியவற்றுக்கு 5 ஆண்டுகளில் ரூ. 20 ஆயிரம் கோடி செலவிட 2026-27 மத்திய பட்ஜெட்டில் உத்தேசிக்கப்பட்டுள்ளது. மின்சாரம், உருக்கு, சிமென்ட், எண்ணெய் சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய துறைகள் இதன் பயனைப் பெறும்.

இத்திட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. மின்சாரத்துக்குச் சூரிய ஒளியும் காற்றும் மாற்றாக உள்ளன. ஆனால், சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு சிமென்ட் தயாரிக்கும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளிப்படும் வாயுவுக்கு அத்தகைய மாற்று இல்லை. இறக்குமதியாகும் உருக்கு, சிமென்ட் போன்றவற்றின் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் கார்பன் கட்டணத்தை நடைமுறைப்படுத்தியிருப்பதும் இந்தியத் தொழில் துறைக்கு நெருக்கடி தருகிறது.

வாயுவைப் பிடிப்பதில் ஓரளவு அனுபவம் கிட்டியுள்ளது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல் மின் நிலையத்தில் நாளொன்றுக்கு 20 டன் வாயுவைப் பிடிக்கும் அமைப்பை 2022-இல் தேசிய அனல் மின் கழகம் தொடங்கியது. ஆனால், 2050-க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் என்ற அளவை எட்டலாம் என்கிறது நீதி ஆயோக் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை. யூரியா, மெதனால் தயாரிப்பில் இதில் சிறு பகுதியையே பயன்படுத்த முடியும். எஞ்சியது நிலத்தடிக்குத்தான் செல்ல வேண்டும்.

பாறையின் இரு குணங்கள்

நாட்டின் நிலத்தடிக் கொள்ளளவு 40 ஆயிரம் கோடி டன் முதல் 60 ஆயிரம் கோடி டன் வரை இருக்கலாம் என்பது கோட்பாட்டு மதிப்பீடு. ஆழத்திலுள்ள உவர்நீர்ப் படுகைகள், தக்காண எரிமலைப் பாறைகள் போன்றவற்றை வைத்துப் போடப்பட்ட கணக்கு இது. 'ஷேல்' எனப்படும் களிப்பாறை இக்கணக்கில் இல்லை. எனினும், ஆய்வாளர்களின் பார்வை அதன் மீதும் திரும்பியுள்ளது.

ஷேல் பாறையின் நுண்துளைகளில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைவிட வலுவாகப் பாறையில் ஒட்டும் இயல்புடையது கரியமில வாயு. எனவே, இதை உள்ளே செலுத்தினால் மீத்தேன் வெளியேறும்; எரிபொருளும் கிடைக்கும், கழிவும் புதையும் என்பதே எதிர்பார்ப்பு.

ஆனால், உலகில் இதுவரை ஷேல் பாறை நம்பப்பட்டது பாத்திரமாக அல்ல, மூடியாக. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் மணற்பாறையில் செலுத்தப்பட்ட வாயுவை, மேலே உள்ள ஷேல் அடுக்கே வெளியேறாமல் தடுக்கிறது. எதையும் எளிதில் ஊடுருவ விடாததே அதன் சிறப்பு. அதையே பாத்திரமாக்க வேண்டுமானால், நீரழுத்தத்தால் முதலில் உடைக்க வேண்டும். அல்ஜீரியாவின் இன் சாலா திட்டத்தில், மூடிப்பாறையின் உறுதி குறித்து ஐயம் எழுந்ததால் 2011-இல் வாயு செலுத்துவது நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் இதற்கு முதலில் நினைவுக்கு வருவது தாமோதர் பள்ளத்தாக்கு. மேற்கு வங்கத்தின் துர்காபூர் அருகே இச்சாபூரில் 2011 ஜனவரியில் ஓஎன்ஜிசி தோண்டிய சோதனைக் கிணற்றில் ஷேல் எரிவாயு வெளிப்பட்டது. உருக்காலைகளும் அனல் மின் நிலையங்களும் அதே வட்டாரத்தில் இருப்பதால், வாயுவை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல வேண்டியதில்லை. ஆனால், 2013-இல் ஷேல் கொள்கை அறிவிக்கப்பட்ட பின்னரும் வர்த்தக உற்பத்தி கைகூடவில்லை. அமெரிக்காவைப் போல், எரிவாயு தீர்ந்த ஷேல் கிணறுகள் இங்கு நிரப்பக் காத்திருக்கவில்லை. ஜரியாவில் ஒரு நூற்றாண்டாக எரியும் நிலக்கரித் தீ, ராணிகஞ்சில் நிலம் உள்வாங்குதல் என ஏற்கெனவே துன்பத்தில் உழலும் மக்களின் காலடியில்தான் இச்சோதனை நடைபெற வேண்டியிருக்கும்.

சட்டம் எங்கே?

புதைக்கப்படும் வாயு நூற்றாண்டுகளுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். புதைத்த நிறுவனம் அத்தனை காலம் இருக்குமா? இதை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், கிணற்றை மூடி பொதுவாக 20 ஆண்டுகள் கழிந்த பின்னரே பொறுப்பு அரசுக்கு மாறும் என 2009-இல் வகுத்தது. அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு விதிகள் 50 ஆண்டுக் கண்காணிப்பைப் பொது வரையறையாகக் கொண்டுள்ளன.

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றவில்லை. எண்ணெய் வயல்கள் சட்டத்தில் 2025-இல் செய்யப்பட்ட திருத்தம் ஷேல் எரிவாயுவையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. எடுப்பதற்கு வழி பிறந்தது. புதைப்பதன் நீண்டகாலப் பொறுப்புக்கு விடை பிறக்கவில்லை.

மாநில உரிமையும் இதில் அடங்கியுள்ளது. நிலமும் நீரும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எண்ணெய் வயல் ஒழுங்குமுறையோ மத்திய அரசிடம் உள்ளது. காவிரிப் படுகையில் ஷேல் எரிவாயு எடுப்பதைத் தமிழகத்தின் 2020-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடை செய்கிறது. எடுப்பதைத் தடுக்கும் சட்டம் செலுத்துவதையும் தடுக்குமா என்ற கேள்வி நாளை நீதிமன்றத்தை எட்டக்கூடும்.

அபாயம் வெறும் கற்பனையன்று. காற்றைவிடக் கனமான இவ்வாயு தாழ்வான பகுதிகளில் தேங்கினால் மூச்சுத் திணற வைக்கும். 2020-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இதைக் கொண்டுசென்ற குழாய் உடைந்து 45 பேர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது.

போபால் ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு அங்கிருந்து அகற்றப்பட்டது 2025 ஜனவரியில். விபத்து நடந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு. கண்ணெதிரே குவிந்திருந்த கழிவுக்கே பொறுப்பாளரைத் தேடி இத்தனை காலம் கழிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கோடிக்கணக்கான டன் வாயுவைச் செலுத்தும் முன், நிறுவனங்களிடம் கண்காணிப்புக்கான வைப்புத் தொகையைப் பெறுவதும், மாநிலங்களின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவதும், இழப்பீட்டுப் பொறுப்பைச் சட்டத்தில் எழுதுவதும் மத்திய அரசின் கடமை. ஆழ்துளைக் கருவிகளுக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. சட்டம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும், இனியேனும் தாமதிக்கலாகாது.