லேப்டாப்பைத் தூக்கி எறியாதீர்கள்!

துறையூரிலும், பச்சைமலை அடிவாரக் கிராமங்களிலும் பல வீடுகளில் ஒரு லேப்டாப் இருக்கிறது. பிள்ளை பிளஸ்-2 படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. இன்று அது பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கிறது.

"ரொம்ப மெதுவாக ஓடுகிறது. புதிது வேண்டும்" என்கிறான் பையன். புதிது வாங்கக் கையில் பணம் இல்லை. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது.

பெற்றோர்களே, அவசரப்பட வேண்டாம். வளையலைக் கழற்றும் முன் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள்.

2011-ல் வந்தது

தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அதனால் கம்ப்யூட்டரைத் தொட்டார்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் ரேம் என்கிற நினைவகம் 2 ஜி.பி. இருந்தது. அன்றைக்கு அது போதும். இன்று போதாது.

கிடங்கும் மேஜையும்

ரேம் என்றால் என்ன? ஒரு மளிகைக் கடையை நினைத்துக் கொள்ளுங்கள். பின்னால் கிடங்கு. முன்னால் தராசு வைத்த மேஜை. மூட்டைகள் கிடங்கில் இருக்கும். ஆனால் வியாபாரம் நடப்பது மேஜையில்தான். மேஜை சிறியதானால், ஒரு சாமானை உள்ளே வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்துவர வேண்டும். கடைப் பையன் நடந்தே களைத்துப் போவான். வாடிக்கைக்காரர் காத்து நிற்பார்.

லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் கிடங்கு. ரேம் மேஜை. ரேம் நிரம்பிவிட்டால், மெஷின் வேலையை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க் மிகவும் மெதுவானது. அதனால்தான் எல்லாம் தேங்கி நிற்கிறது.

1969-ல் மனிதனைச் சந்திரனுக்குக் கொண்டுபோன அப்பல்லோ கப்பலின் கம்ப்யூட்டரில், வேலை செய்யும் நினைவகம் சுமார் 4 கே.பி.தான். 2 ஜி.பி. என்பது அதைப்போல் 5 லட்சம் மடங்கு! ஆனால் இன்றைய இணையப் பக்கங்கள் படமும் வீடியோவுமாக வருகின்றன. அவை எவ்வளவு இடம் கொடுத்தாலும் விழுங்கிவிடுகின்றன.

நோய் எது?

வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக் கொள்ளுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பித்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். "டாஸ்க் மேனேஜர்" வரும்.

அதில் "மெமரி" எப்போதும் 90 சதவீதத்தை ஒட்டியே நின்றால், ரேம் போதவில்லை. அதைக் கூட்டினால் பலன் உண்டு.

மெமரி பாதி காலியாக இருந்து, "டிஸ்க்" மட்டும் 100 சதவீதம் காட்டினால், ரேம் வாங்குவது வீண். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டும். தலைவலிக்குக் கால் மருந்து தடவக்கூடாது.

கடையில் கேளுங்கள்

சில லேப்டாப்களில் ரேம் பலகையோடு சேர்த்துப் பற்ற வைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. காலி இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

டி.டி.ஆர்.3 ரேமுக்காகச் செய்த இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. ஆகவே திருச்சிக்குப் பஸ் ஏறினால் லேப்டாப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு நடை மிச்சம்.

உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால், 4 ஜி.பி.க்கு மேல் போட்டாலும் அதைப் பயன்படுத்தாது.

கழற்றிய பழைய ரேமைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். விலையைப் புது லேப்டாப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுப்படியானால் மட்டும் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியில் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் நின்றது. பழைய மெஷினில் பாங்கிக் கணக்கைத் திறக்காமலிருப்பது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொள்ளலாம். பாடம் படிக்க, விண்ணப்பம் எழுத, வெங்காய மண்டிக் கணக்குப் போட அது தாராளமாகப் போதும்.

அரசுக்கு ஒரு வார்த்தை

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது கைக்கணினி தருவதாக 2025 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நல்ல காரியம். வாங்குகிற லேப்டாப்பில் ரேமைக் கூட்ட வசதி இருக்க வேண்டும். சில்லறைச் சாமான் ஒன்று போதாமல், முழு மெஷினும் பாழாவது மக்கள் பணத்துக்கு நஷ்டம்.

கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களே ஊராரின் பழைய லேப்டாப்களைப் பார்த்துச் சொல்லலாம். அவர்களுக்கும் அது படிப்புத்தான்.

ஓட்டைக் குடத்துக்கு ஈயம் பூசிப் புழங்கியவர்கள் நாம். இந்த மெஷினையும் பழுது பார்த்துப் புழங்குவோம். தம்பி படித்த லேப்டாப்பில் தங்கையும் படிக்கட்டும். வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.