மாத்திரையை நிறுத்துவதற்கும் மருந்துச் சீட்டு வேண்டும்

"நெஞ்சுப் படபடப்பு நின்றுவிட்டது, இனியும் மாத்திரை எதற்கு?" இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகளை உட்கொள்வோர் மனத்தில் என்றேனும் எழும் வினா இது. வினா நியாயமானதே. ஆயினும் பலர் இதனை மருத்துவரிடம் கேட்பதில்லை. தாமாகவே ஒரு முடிவுக்கு வந்து, மாத்திரையை நிறுத்திய பின்னரே எங்களிடம் வருகின்றனர். கேட்டால் மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்னும் தயக்கமே பெரும்பாலும் இதற்குக் காரணம். அத்தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு மருத்துவர்களாகிய எங்களுடையது. மருந்தை எப்போது, எவ்வாறு நிறுத்துவது என்பதை அதனைத் தொடங்கும் நாளிலேயே பேசிவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் இப்பேச்சு மிகவும் இன்றியமையாதது. கர்நாடகம், ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் எல்லையும் இங்கே அருகில் உள்ளது. ஒருவர் பெங்களூர் ஜெயதேவா மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கி, கிருஷ்ணகிரியில் பரிசோதனை செய்து, ஊர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவது இயல்பு. ஓசூர் ஆலைகளில் ஷிப்ட் மாறி மாறி உழைப்போருக்கு வேளை தவறுகிறது. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்கு வருவது எளிதன்று. ஆகவே இங்கே பலருடைய மருந்து நிற்பது எவருடைய முடிவாலும் அன்று. அட்டை தீர்ந்துபோனதால் நிற்கிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எல்லா மருந்துகளும் ஒரே தன்மையன அல்ல. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், அட்டினோலால் போன்றவை பீட்டா தடுப்பான்கள் எனப்படும். அட்ரினலின் என்னும் சுரப்பு இதயத்தை விரைந்து துடிக்கச் செய்வது. அது இதய உயிரணுக்களில் வந்து பொருந்தும் இடங்களை இம்மாத்திரைகள் மறைத்து நிற்கின்றன. நெடுநாள் மறைக்கப்படும்போது உயிரணுக்கள் அத்தகைய இடங்களைக் கூடுதலாக உருவாக்கிக்கொள்கின்றன. அந்நிலையில் மாத்திரை திடீரென நின்றால், முன்னிலும் மிகுந்த வேகத்துடன் அட்ரினலின் இதயத்தைத் தாக்கும். துடிப்பு விரையும், இரத்த அழுத்தம் உயரும். இரத்தக் குழாய் அடைப்பு உள்ளோருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட நேரலாம். இவ்வகையின் முன்னோடியான ப்ரோப்ரனோலாலைத் திடீரென நிறுத்தியோருக்கு இவ்வாறு நேர்ந்தது 1970-களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. எனவே இவற்றை ஒன்று அல்லது இரண்டு வாரங்களிலோ, தேவையெனில் அதனினும் மெதுவாகவோ, அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துகிறோம்.

அமியோடரோன் இதற்கு மாறானது. இது உடலின் கொழுப்பில் சேர்ந்து தங்குவதால், நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், உடலில் இருக்கும். "நிறுத்தி ஒரு மாதமாயிற்று, ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதி கொள்வது இம்மருந்தைப் பொறுத்தவரை மிக முந்தியது. துடிப்புக் கோளாறு சில மாதங்கள் கழித்தும் திரும்பலாம். மேலும், அமியோடரோன் அசிட்ரோம் போன்ற இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்துகளின் வீரியத்தைக் கூட்டுவது. அது உடலிலிருந்து மெல்ல நீங்கும்போது அசிட்ரோமின் வீரியமும் மெல்லக் குறையும். அக்காலத்தில் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து அளவைத் திருத்தாவிடில், இரத்தக் கட்டி உருவாக இடமுண்டு.

இவ்விடத்தில் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். உறைதல் தடுப்பு மருந்து, துடிப்பைச் சீராக்கும் மருந்து அன்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளோருக்குப் பக்கவாதம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு மிகுதி. நாடி சீரானது என்பதால் மட்டும் அவ்வாய்ப்பு நீங்கிவிடாது. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம், வால்வின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தே அம்மருந்தைத் தொடர்வதா என்பது முடிவாகும். ஒரு மாத்திரையை நிறுத்தச் சொன்னால், மற்றதையும் நிறுத்தச் சொன்னதாகக் கொள்ளுதல் கூடாது.

அதற்காக, தொடங்கிய மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொண்டே தீரவேண்டும் என்றும் நாங்கள் கூறவில்லை. மாரடைப்பிலிருந்து மீண்டோருக்குத் தோன்றும் கூடுதல் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் உயிர் காக்கலாம் என்று ஒருகாலத்தில் மருத்துவ உலகம் நம்பியது. அந்நம்பிக்கையைச் சோதித்த காஸ்ட் என்னும் ஆய்வின் முடிவு 1989-இல் வெளியானது. என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு ஆகிய மருந்துகளை உட்கொண்டோரிடையே, மருந்தற்ற வெற்று மாத்திரை உட்கொண்டோரைவிட இறப்பு மிகுதியாக இருந்தது. தேவையற்ற இடத்தில் தொடரும் மருந்தும் தீங்கு செய்யும் என்பதே அதன் பாடம். இதய அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு மட்டும் தந்த மருந்து, தைராய்டு மிகையால் வந்த படபடப்பு தணிந்த பின் தொடரும் மருந்து, நாடியை மிகவும் தாழ்த்திவிட்ட மருந்து ஆகியவற்றை நிறுத்துவது பற்றி ஆராய்வது மருத்துவரின் கடமை. அமியோடரோன் உட்கொள்வோருக்குத் தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளை ஆறு மாதத்திற்கு ஒருமுறை செய்வதும் இக்கடமையைச் சேர்ந்தது.

ஆதலின் ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும் என்கிறோம்: இம்மாத்திரை எதற்காக, எப்போது மறுஆய்வு, நிறுத்துவதாயின் எப்படி. சீட்டில் அவை இல்லையெனில் தயங்காது கேளுங்கள். கேட்பது நோயாளரின் உரிமை. கேட்கும் நோயாளரே எங்களுக்குத் துணையாவார்.

நீங்கள் செய்யவேண்டியவை சில. எல்லா மருத்துவமனைச் சீட்டுகளையும் ஒரே உறையில் வைத்து, எங்கு சென்றாலும் கொண்டுசெல்லுங்கள். ஒரு வாரத்திற்கான மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள். நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், முதன்மையாக இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளையே இல்லத்திற்குக் கொண்டுவருகிறது; அவை வந்துவிட்டதால் துடிப்பு மாத்திரையும் வந்துவிட்டது என எண்ணிவிடாதீர்கள். அளவு குறைக்கும் வாரங்களில் வீட்டில் ஒருவர் காலையும் மாலையும் மணிக்கட்டு நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணிக் குறித்து வைக்கட்டும். ஓய்வில் 50-க்குக் கீழோ 110-க்கு மேலோ இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். நீண்டநேரம் செயல்படும் மாத்திரைகளைப் பொடித்தல் கூடாது. பாதியாக உடைக்கலாமா என்பதை மருந்தாளுநரிடம் கேட்டறியுங்கள். ஏற்கெனவே சில நாள் விட்டுப்போயிருந்தால், ஈடுகட்ட இரட்டிப்பாக விழுங்காமல், முதலில் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தணியாத படபடப்பு, வாய் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருத்தல் வேண்டா.

மாத்திரையை விட்டுவிட வேண்டும் என்னும் விருப்பம் பிழையன்று. அவ்விருப்பத்தை அடுத்த வருகையில் முதல் சொல்லாகவே எங்களிடம் கூறுங்கள். நிறுத்த இயலுமாயின் இருவரும் சேர்ந்து பாதுகாப்பாக நிறுத்துவோம். இயலாதாயின் அதன் காரணத்தை நீங்கள் அறிந்து செல்வீர்கள்.