வலிக்காத வீக்கம்



பிள்ளைக்குக் காதோரம் கன்னம் வீங்கினால் நம் வீடுகளில் முதலில் நினைப்பது பொன்னுக்கு வீங்கியைத்தான். பெரும்பாலும் அந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும். காய்ச்சலோடு வரும், மெல்லும்போது வலிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். நான் இன்று சொல்ல வந்தது வடியாத வீக்கத்தைப் பற்றி. காய்ச்சல் இருக்காது, பெரும்பாலும் வலியும் இருக்காது. தொட்டால் கெட்டியாக ஓர் உருண்டை தட்டுப்படும். வலிக்கிறது என்று பிள்ளை அழாததாலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

அந்த உருண்டை காதோரம் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் வளரும் கட்டியாக இருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் 100க்கு 5கூடக் குழந்தைகளுக்கு வருவதில்லை. ஆனால் அப்படி வரும் கெட்டியான கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு, பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே அதிகம். ‘சின்னப் பிள்ளைதானே, ஒன்றும் இருக்காது’ என்ற ஆறுதல் இங்கே உதவாது. ரத்தப் புற்றுக்காகத் தலையில் கதிர்வீச்சு பெற்றுக் குணமான பிள்ளைகளுக்குப் பல வருடம் கழித்தும் இந்தப் புற்று வரலாம். அந்தப் பெற்றோர் கன்னத்தையும் கழுத்தையும் அவ்வப்போது தடவிப் பார்ப்பது நல்லது.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்தப் புற்றில் குழந்தைகளுக்கு அதிகம் வருவது மியூக்கோஎபிடெர்மாய்டு என்ற வகை. அது பெரும்பாலும் மெதுவாக வளர்வது. முழுதாக அகற்றிவிட்டால் பலருக்கு வேறு சிகிச்சையே வேண்டியிருக்காது. 10 பிள்ளைகளில் 9 பேருக்கு மேல் பிழைத்து வளர்கிறார்கள்.

ஆனால் அவசரப்பட்டு எங்காவது கீறி எடுத்துவிடக் கூடாது. கண்ணை மூடவும் சிரிக்கவும் வைக்கும் முக நரம்பு, காதோரச் சுரப்பிக்குள் புகுந்துதான் கிளை பிரிகிறது. அதைக் காத்துக்கொண்டு கட்டியை எடுப்பதற்கு அனுபவமுள்ள கை வேண்டும். அதன் பிறகும் சில காலம் வாய் ஒரு பக்கம் கோணலாம். பிள்ளையிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணாடியில் பார்த்து மிரளக் கூடாது.

இத்தனை அரிதான நோயில் ஒரு நாட்டு மருத்துவர்களின் அனுபவம் மட்டும் போதாது. அதனால்தான் 2008இல் இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, போலந்து நாட்டு மருத்துவர்கள் குழந்தைகளின் அரிய கட்டிகளுக்கென்றே கூட்டுக்குழு அமைத்தார்கள்.

இரண்டு மூன்று வாரம் கடந்தும் வீக்கம் வடியவில்லையென்றால் பத்துப் போட்டுக் காத்திருக்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். ஊசி குத்திப் பார்க்கச் சொன்னால் சம்மதியுங்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்